சிரித்தால் தண்ணீர் புகும்

தீவுக்கு வந்து இறங்குகிறவர்கள் கடலில் கால் வைப்பதற்கு முன்னால் மாஸ்க் அக்காவைப் பார்த்தாக வேண்டும். படகுத் துறையிலிருந்து வரும் மணல் பாதை தாழம்புதரைச் சுற்றிக்கொண்டு நேராக அவளுடைய கொட்டகை வாசலில்தான் போய் முடியும். நீல வண்ணம் அடித்த மரக் கொட்டகை. உள்ளே மூன்று சுவரிலும் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் தண்ணீருக்குள் பார்ப்பதற்குக் கண்ணையும் மூக்கையும் மூடுகிற ஒரு கண்ணாடி மாஸ்க், அதோடு சேர்த்துக் கட்டிய, வாயில் கடித்துக்கொள்ளும் ஒரு மூச்சுக்குழாய். மேல் வரிசை சிறுவர்களுக்கு. நடு வரிசை ஒல்லி முகக்காரர்களுக்கு. கீழ் வரிசை அகன்ற முகத்துக்கு. வாசலை ஒட்டித் தனியாகத் தொங்குபவை மூக்கு எடுப்பானவர்களுக்கு. தரையில் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள். ஒன்றில் மருந்து கலந்த தண்ணீர், மற்றதில் நல்ல தண்ணீர். மூலையில் தவளைக்கால்கள் குவிந்து கிடக்கும். காலில் மாட்டிக்கொண்டு நீந்துகிற ரப்பர் துடுப்புக்கு அந்தக் கரையில் அதுதான் பெயர்.

வாசலில் ஆள் நிழல் விழும்போதே அக்காவின் கை ஆணிக்குப் போய்விடும். முகத்தை ஒரு தரம் பார்ப்பாள், அவ்வளவுதான். வந்தவர் "எனக்குப் பெரிய சைஸ்" என்று ஆரம்பிப்பதற்குள் நடு வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டிவிடுவாள்.

"பட்டையை மாட்டாதீங்க சார். சும்மா முகத்துல வச்சு மூக்கால மூச்சை உள்ள இழுங்க. இப்ப கையை எடுங்க. நிக்குதா?"

நிற்கும். கை படாமல் முகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிற மாஸ்க்கைப் பார்த்து வந்தவரின் மனைவி மக்கள் எல்லாரும் கைதட்டுவார்கள்.

"ஆனா மீசை இருக்கே சார். மீசை வழியா தண்ணி வரும்."

"ஐயோ, மீசையை எடுக்கணுமா?"

"எதுக்கு எடுக்கணும்? இந்தக் களிம்பை மீசையில நல்லா தடவிக்கங்க. புதுமாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இறங்குங்க. உள்ள போய் என்ன வேணா பண்ணுங்க, சிரிக்க மட்டும் கூடாது. சிரிச்சா கன்னம் மடியும். கன்னம் மடிஞ்சா தண்ணி புகும்."

இதைச் சொல்லிவிட்டு முதலில் அவள்தான் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு சாதாரணமானதல்ல. தோள் குலுங்கி, கண் இடுங்கி, கன்னத்தில் இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டினதுபோல் கோடு விழுந்து, கடைசியில் சத்தமே வராமல் மூச்சு மட்டும் வரும். பார்க்கிறவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும். மீசைக்காரர் களிம்பும் சிரிப்புமாகக் கடலுக்குப் போவார்.

குளித்து நீந்திவிட்டுக் கரையேறுகிறவர்கள் முதலில் பார்க்கும் முகமும் அவளுடையதே. சொட்டச் சொட்ட வந்து மாஸ்க்கைத் தொட்டியில் போடும்போதே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நீலம் என்பார் ஒருவர், இல்லை ஊதா என்பாள் அவருடைய பெண். ஆமை என்பார்கள், கையகல மீன் என்பார்கள், மானைப்போல் கொம்பு விட்ட பவளம் என்பார்கள். அக்கா மாஸ்க்கை அலசிக்கொண்டே ஆசையாகக் கேட்பாள். "அப்புறம்? அது உங்களைப் பாத்துச்சா? நீங்க என்ன பண்ணினீங்க?" என்று வாயைப் பிடுங்குவாள். "நீங்க தினமும் பாக்கறதுதானே அக்கா" என்று யாராவது சொன்னால், "நானா? நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்லை" என்று மறுபடியும் சிரிப்பாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வேடிக்கையே இல்லை, உண்மைதான். வருகிறவர் போகிறவர் முகத்துக்கெல்லாம் மாஸ்க் மாட்டிவிட்ட அக்கா, தான் மாட்டிக்கொண்டு கடலுக்குள் பார்த்ததில்லை. நீச்சல் தெரியாமல் இல்லை. கல்யாணமாகித் தீவுக்கு வந்த வருஷமே அவள் புருஷன் படகுக்காரர் சொல்லிக்கொடுத்துவிட்டார். தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தாரோடு பேசிக்கொண்டே, வளைகுடாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வருவாள். மாஸ்க் போட்டுக் குழாயைக் கடித்தால் மட்டும் சிரிப்பு வந்துவிடும். சிரிப்பு வந்தால் தண்ணீர் புகுந்துவிடும்.

ஏன் சிரிப்பு வருகிறது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதை அவள் யாரிடமும், கட்டிய புருஷனிடமும்கூடச் சொல்லவில்லை. காரணம் பக்கத்து அறையில் இருந்தார்.

கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் மாமனார் இருந்தார். கொட்டகைக்குப் பின்னாலேயே வீடு, பலகைச் சுவர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாமனார் நாற்காலியில் சாய்ந்தால் குறட்டை ஆரம்பிக்கும். சும்மா குறட்டையில்லை. எங்கோ ஆழத்திலிருந்து இழுத்து, நடுவில் நின்று யோசித்து, பிறகு பெருமூச்சாக விட்டு, கடைசியில் ஒரு மெல்லிய விசிலோடு முடியும். புதுப்பெண் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்குவாள். ஒருநாள் தலையணை நழுவிவிட்டது. கதவருகில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். பார்த்தார்; போய்விட்டார். அந்தப் பார்வையை அவள் மறக்கவில்லை.

நாத்தனார் படகுக்காரரின் மூத்த சகோதரி. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். படகுத் துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலை. அவர் சிரித்துத் தீவில் யாரும் பார்த்ததில்லை. சரியான உம்மணாமூஞ்சி என்று பேர். கம்பிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் அந்த முகத்தைப் பார்த்ததும், சரியான சில்லறையைக் கையில் வைத்திருப்பவர்கள்கூட "மன்னிச்சுக்கங்க மேடம்" என்றுதான் டிக்கெட் கேட்பார்கள். தகப்பனார் என்றால் அவருக்கு உயிர். அவர் போன பிறகும் அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விடுவதில்லை.

முதன்முதலில் படகுக்காரர் புதுமனைவியை இடுப்பளவுத் தண்ணீருக்குக் கூட்டிப்போய் மாஸ்க் மாட்டி, குழாயை வாயில் கொடுத்து, "குனிஞ்சு பாரு" என்றார். குனிந்தாள். காதெல்லாம் தண்ணீர். வெளிச் சத்தம் எல்லாம் அடங்கி, தன் மூச்சு மட்டும் குழாய் வழியாக ஏறி இறங்குவது கேட்டது. ஆழத்திலிருந்து இழுத்து, நடுவில் நின்று, பெருமூச்சாக விட்டு... சாட்சாத் மாமனார்! அவள் கெக்கலித்ததில் மாஸ்க் நிறையத் தண்ணீர். மூக்கில் ஏறி, இருமி, கண் சிவந்து கரைக்கு வந்தாள்.

"எதைப் பாத்துச் சிரிச்ச?"

"சும்மாதாங்க. சிரிப்பு வந்துருச்சு."

வேறென்ன சொல்வது? அவரும் அந்தத் தகப்பனாரின் பிள்ளைதானே. அன்றிலிருந்து எத்தனை முறை முயன்றாலும் மாமனார் குழாய்க்குள் காத்திருந்தார். அவர் காலமான பிறகும் குறட்டை காலமாகவில்லை.

படகுக்காரருக்குக் காரணம் தெரியாததால் வைத்தியங்களெல்லாம் வேறு எங்கோ போயின. பட்டையை இறுக்கினார், முகத்தில் தடம் விழுந்ததுதான் மிச்சம். கன்னத்தில் களிம்பை அப்பினார். சிரித்ததும் மாஸ்க் வழுக்கிக்கொண்டு கழுத்துக்கு வந்தது. "துக்கமான விஷயம் எதையாவது நினைச்சுக்கோ" என்றார். அவள் செத்துப்போன தன் அம்மாவை நினைத்தாள். அம்மா நினைவோடு அம்மா சொன்ன சிரிப்புக் கதையும் வந்துவிட்டது. ஒரு பயணி கொண்டு வந்த, முகம் முழுவதையும் மூடும் புதுமாதிரி மாஸ்க்கையும் போட்டுப் பார்த்தாள். சிரித்த சிரிப்பில் அது குளியலறைக் கண்ணாடி மாதிரி ஆவி படிந்துவிட, கண் தெரியாமல் படகில் போய் முட்டிக்கொண்டாள். காரணம் தெரிந்த அவள் தனக்குத்தானே ஒரு வைத்தியம் செய்துகொண்டாள். குறட்டை கேட்காமலிருக்கக் காதில் மெழுகும் பஞ்சும் வைத்து அடைத்தாள். அதுவரை பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த மாமனார் இப்போது நேராக மண்டைக்குள்ளேயே வந்து படுத்துவிட்டார்.

பிறகு விட்டுவிட்டாள். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வேலைக்கு என்று வேறு ஊர்களுக்குப் போனார்கள். கொட்டகை ஓர் ஆணி வரிசையிலிருந்து மூன்று சுவருக்கு வளர்ந்தது. பார்க்கலாம், கடல் எங்கே போகப்போகிறது என்று இருந்தாள்.

கடல் எங்கும் போகவில்லை. தடை வந்தது. நாத்தனாரே தன் கையால் பசை தடவி டிக்கெட் சன்னலுக்குப் பக்கத்தில் அறிவிப்பை ஒட்டினார். மணல்திட்டுக்கு அப்பால் இருக்கும் பவளப்பாறைப் பகுதி வெளிறிப்போய்க்கொண்டிருப்பதால், அது மீண்டு வளர்வதற்காக, வருகிற மாதக் கடைசி நாள் மாலை ஐந்து மணியோடு மூடப்படும். ஐந்து வருஷத்துக்கு யாரும் அங்கே நீந்தக் கூடாது. கரையோர வளைகுடா எப்போதும்போல் திறந்திருக்கும். அதனால் கொட்டகை வியாபாரத்துக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. வருகிறவர்கள் வளைகுடாவில் மீன் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போவார்கள். ஆனால் அந்தப் பாறைப் பகுதியைத்தான் கரைக்காரர்கள் தோட்டம் என்பார்கள். ஆமையும் கொம்புப் பவளமும் இருந்தது அங்கேதான். அக்கா இத்தனை காலம் ஊரார் வாயால் கேட்டுக் கேட்டு மனதில் கட்டி வைத்திருந்ததும் அந்த இடத்தைத்தான்.

"அஞ்சு வருஷம் என்ன பெரிசு? கண்ணை மூடித் திறந்தா ஓடிப் போயிடும்" என்றார் படகுக்காரர்.

"அது ஓடிடும். என் முட்டி அதுகூட ஓடாதே. இப்பவே உங்க படகு ஏணியில ஏற ரெண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கு. அப்ப வலை போட்டுத்தான் என்னைத் தூக்கணும்."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. படகுக்காரருக்கு அது உறைத்தது. அவள் சிரிக்காமல் வேடிக்கை பேசி அவர் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து பழைய வைத்தியங்களெல்லாம் மறுபடி ஒரு சுற்று வந்தன. களிம்பு, பட்டை, துக்கம், எல்லாம். மாதம் தேய்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு சாயங்காலமும் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, முகத்தில் மாஸ்க் தடத்தோடு அவள் சாப்பாட்டு மேசைக்கு வந்தாள்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம். மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

"நானும் கல்யாணமான நாள்லேர்ந்து பாக்கறேன். அப்படி என்னதான் சிரிப்பு உனக்கு, அந்தத் தண்ணிக்குள்ள?"

"விடுங்க அண்ணி."

"விடறதுக்கு என்ன இருக்கு? நாளைக்கு அஞ்சு மணிக்கு மூடறாங்க. அதுக்கப்புறம் நீ அழுதா நான்தானே கேக்கணும். சுவரு பலகைதானே."

அக்கா தட்டைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவர் கையை விரித்தார்.

"மாமா, அண்ணி" என்றாள்.

"எந்த மாமா?"

"நம்ம மாமாதான். உங்க அப்பா. குழாய்ல மூச்சு விட்டா... மாமா குறட்டை விடற மாதிரியே இருக்கு. அச்சு அசல். நான் கேலி பண்ணலை அண்ணி, சத்தியமா. அது கேட்டதும் எனக்குத் தாங்க மாட்டேங்குது."

படகுக்காரரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. நாத்தனார் எழுந்து கை கழுவினார். முன்பக்கம் கொட்டகைக்குப் போனார். ஆணியிலிருந்து ஒரு செட்டை எடுத்துவந்து, குழாயின் வாயை நல்ல தண்ணீரில் அலசி, துண்டால் துடைத்து, நின்றபடியே வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு தரம் இழுத்து விட்டார். இன்னொரு தரம் இழுத்து விட்டார். மாஸ்க் தாடைக்குக் கீழே ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டிருந்தது. மற்ற இருவருக்கும் மூச்சே வரவில்லை.

குழாயை எடுத்தார்.

"அப்பாதான்" என்றார்.

பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா அப்பாவுக்குக் கடைசியில ஒரு விசில் வரும். இதுல அது இல்ல" என்றார்.

"ஆமா அண்ணி! அந்த விசில்..." என்று அக்கா வாயைத் திறந்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். படகுக்காரர் தண்ணீர் குடிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"சிரிச்சது போதும். இதுக்குத்தானா எங்கிட்ட இத்தனை வருஷம் வாயைத் திறக்கல? எனக்கு மட்டும் காது இல்லையா? அவர் விடற குறட்டையில நான் பரீட்சைக்குப் படிச்சிருக்கேன்." நாத்தனார் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, எனக்கு ஒண்ணு புரியல. சத்தம் வர்றது இந்தக் குழாய்ல. பாக்கறது இந்தக் கண்ணாடியில. அப்ப குழாய் இல்லாம போக வேண்டியதுதானே?"

"மூச்சுக்கு, அக்கா?" என்றார் தம்பி.

"பிடிச்சுக்கட்டும். அவ என்ன ஆகாயத்துக்கா போறா? தலையைத் தூக்கினா காத்து."

படகுக்காரரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் முகத்திலும் அசடு வழிந்தது.

இவ்வளவு காலம் அது அவர்களுக்குத் தோன்றாமல் போனதற்குக் காரணம் உண்டு. கொட்டகை தொடங்கின புதிதில் குழாய்கள் அடிக்கடி தொலைந்துபோயின. அலையில் நழுவிப் போகும், அல்லது பயணிகள் மறந்து பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் படகுக்காரர் ஒவ்வொரு குழாயையும் மாஸ்க் பட்டையோடு சேர்த்துத் தூண்டில் நரம்பால் கட்டி, தனக்கு மட்டுமே போடத் தெரிந்த ஒரு முடிச்சு போட்டு, முனையைத் தீயில் காட்டி உருக்கிவிட்டார். செட்டைப் பிரிக்கக் கூடாது என்பது கொட்டகையின் முதல் விதி. நாளாக ஆக அந்த இரண்டும் வேறு வேறு சாமான் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று. நாற்காலியில் ஒரு காலை எடுத்துவிட்டு முக்காலி செய்வது எப்படித் தோன்றாதோ அப்படி.

"செட்டைப் பிரிக்கக் கூடாது அக்கா" என்றார் படகுக்காரர், பழக்கத்தில்.

"யார் சொன்னா?"

"நான்தான்."

"நீ சின்ன வயசுல வெறும் கண்ணோட முங்கினவன்தானே? அப்ப குழாயா வச்சிருந்த?"

"இல்ல."

"அப்புறம் அந்த மூளை எங்க போச்சு?"

"தொழில்னு வந்ததும்..." என்று அவர் நெளிந்தார்.

"டேய், கத்தியை எடுத்துட்டு வா."

அந்த முடிச்சை அவிழ்க்க அவராலேயே முடியவில்லை. அறுக்கத்தான் வேண்டியிருந்தது.

கடைசி நாள் நாத்தனார் மத்தியானத்துக்கு மேல் விடுப்பு போட்டார். டிக்கெட் சன்னலில் வேறு முகத்தைப் பார்த்த ஊர்க்காரர்கள், அந்த வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். கருப்புக் கைப்பை, குடை, கைக்கடிகாரம் சகிதம் அவர் படகில் ஏறி, மிதவைச் சட்டையைக் கழுத்துவரை இழுத்துக் கட்டிக்கொண்டு நடுப்பலகையில் உட்கார்ந்தார்.

"அண்ணி, இறங்கப்போறது நான். சட்டை உங்களுக்கா?"

"நீ நீந்துவ. படகு கவிழ்ந்தா நான் என்ன பண்ணுவேன்? இவன் ஓட்டற லட்சணம் எனக்குத் தெரியும்."

மணல்திட்டைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் மாறியது. படகுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். அங்கே மிதந்துகொண்டிருந்த கடைசிப் பயணிகளும் கிளம்பிப்போய்விட, அந்த இடத்தில் இவர்கள் மட்டும்தான். அக்கா ஏணி வழியாக இறங்கினாள். மாஸ்க்கை முகத்தில் பொருத்தினாள். குழாய் இல்லாத பட்டை அவள் கைக்கே அந்நியமாக இருந்தது. மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தாள்.

கண்ணைத் திறக்கவில்லை. பழக்கதோஷம், மாமனாருக்காகக் காத்திருந்தாள். அவர் வரவில்லை.

ஆனால் வேறொரு சத்தம் வந்தது. படபடவென்று, தகரக் கூரைமேல் தூறல் விழுகிற மாதிரி, நாலா பக்கத்திலிருந்தும். அவள் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"என்னங்க, சத்தம்! கீழ சத்தம் கேக்குது!"

"ஆமா, கேக்கும். பாறை இடுக்குல சின்னச் சின்ன இறால் இருக்கு. அதுங்க கொடுக்கைச் சொடுக்கற சத்தம். ராப்பகலா இருக்கும்."

"இவ்வளவு நாளா சொல்லவே இல்லையே?"

"நீ கேக்கலையே."

"பாத்தீங்களா அண்ணி? ஊர்ல உள்ளவங்கல்லாம் கலர் சொன்னாங்க, மீன் சொன்னாங்க. ஒருத்தர்கூடச் சத்தத்தைச் சொல்லல."

"அவங்கவங்க குறட்டையே அவங்கவங்களுக்குக் கேட்டிருக்கும்" என்றார் நாத்தனார். "கண்ணைத் திறந்தியா இல்லையா?"

அவள் மறுபடி மூச்சை இழுத்து, முகத்தை வைத்து, கண்ணைத் திறந்தாள்.

முதலில் அது தோட்டமாகவே தெரியவில்லை. கழுவிக் கவிழ்த்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கிவைத்து, துடைக்காமல் போய்விட்டதுபோல் இருந்தது. அகல அகலமாகப் பவளத் தட்டுகள்; பழுப்பும் மங்கிய மஞ்சளுமாக, விளிம்பில் மட்டும் ஊதா. சில இடங்கள் வெளுத்துச் சுண்ணாம்பாய்க் கிடந்தன. தட்டுகளுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் உருண்டை, உள்ளங்கை ரேகை மாதிரி வரிவரியாக. அதன் மேலே நீலப் பொடிமீன்கள் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டதுபோல் நின்றன. அவள் நிழல் பட்டதும் மொத்தமாக இடுக்கில் மறைந்து, கொஞ்சம் பொறுத்து, போய்விட்டாளா என்று எட்டிப் பார்த்தன. நீலமா ஊதாவா என்று சண்டை போட்டவர்கள் இரண்டு பேரும் சரி. மீன் திரும்பும்போது நிறமும் திரும்பியது.

மூச்சு முட்டியது. தூக்கி, இழுத்து, மறுபடி வைத்தாள்.

இந்த முறை பச்சையும் இளஞ்சிவப்புமாக ஒரு பெரிய மீன் வந்தது. முன்பல் தூக்கிய வாய். பாறையை நறுக்கென்று கடித்தது. அந்தச் சத்தமும் கேட்டது, ஊறாத பருப்பைக் கடித்ததுபோல். வாய்ப்பக்கம் கல்லைத் தின்றுகொண்டே வால்பக்கம் மணலாகப் புகைத்துவிட்டு, கௌரவமாக அடுத்த பாறைக்கு நகர்ந்தது. அக்காவின் கன்னம் துடித்தது. மூக்குக்குக் கீழே சில்லென்று ஒரு சொட்டுத் தண்ணீர் நுழைந்தது. அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தவள் சட்டென்று தலையை மேலே தூக்கி, மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றி, ஆகாயத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதைச் சிரித்துத் தீர்த்தாள். பிறகு துடைத்து, மாட்டி, மறுபடி குனிந்தாள். மீன் அங்கேயேதான் இருந்தது.

அதன் பிறகு அவளுக்கு வழி பிடிபட்டுவிட்டது. பார்க்கிறது கீழே, சிரிக்கிறது மேலே. தலை உள்ளே போவதும், வெளியே வந்து குலுங்குவதும், மறுபடி போவதுமாக இருந்தாள். படகிலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஏதோ ஒரு பெரிய கடல்பிராணி மூச்சு விட வருவதுபோல் தெரிந்தது.

"இப்படி ஒரு சென்மமா" என்றார் நாத்தனார். ஆனால் குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல், தண்ணீரில் கூசும் வெயில் அவள் கண்ணில் படாதபடி படகுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தார்.

வெயில் சாயத் தொடங்கியபோது, தடை போட்ட அரசுத் துறையின் படகு வந்தது. தொப்பி போட்ட இளம் அதிகாரி ஒருவர், இரண்டு பணியாளர்கள், எல்லை காட்டும் மஞ்சள் மிதவைகள், மிதவையை நிறுத்திவைக்கும் சிமெண்ட் கல், கயிறு.

"வணக்கம். அந்த அம்மாவை ஏறச் சொல்லுங்க. மிதவை போடணும்."

நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணின்னு போட்டிருக்கு. ஒட்டினது நான். மணி இன்னும் ஆகல."

அதிகாரி வாரம் தவறாமல் அந்தக் கம்பிச் சன்னலில் டிக்கெட் வாங்குகிறவர். "இல்லை மேடம், மன்னிச்சுக்கங்க" என்று அவருக்கும் பழக்கத்தில் வந்துவிட்டது. "வெளிச்சம் இருக்கும்போதே கல்லை இறக்கணும். பவளத்து மேல விழாம, மணல் பாத்துப் போடணும். எங்க முங்கறவருக்குக் காய்ச்சல். இந்தக் கூசல்ல மேலேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியல."

"அதுக்குத்தான் உள்ள ஒருத்தி இருக்காளே. மாஸ்க்கோட."

விஷயம் தண்ணீரில் இருந்தவளுக்குச் சொல்லப்பட்டது. அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான் பாத்துச் சொல்றேன் சார். நீங்க கல்லை மெதுவா இறக்குங்க. பாவம், மீனுங்க வீடு கட்டி வச்சிருக்கு."

பணியாளர்கள் கல்லைக் கயிற்றில் பாதியாழம் இறக்கி, கயிற்றைப் படகின் முளையில் சுற்றிக்கொண்டு நின்றார்கள். அக்கா மூச்சை இழுத்துக் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்!"

துடுப்பால் துழாவிப் படகை நகர்த்தினார்கள். அவள் குனிந்தாள். நிமிர்ந்து, மாஸ்க்கை ஏற்றி, எதற்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அங்க ஒரு பவளம் இருக்கு சார். கொஞ்சம் வலது பக்கம் வாங்க!"

வலது பக்கம் வந்தார்கள். பிறகு முன்னால். பிறகு, இல்லை, அவ்வளவு முன்னால் வேண்டாம். அதிகாரி பொறுமையாகத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். இவ்வளவு கவனமாக வேலை செய்கிற ஆளைத் தாம் பார்த்ததில்லை என்றார்.

படகுக்காரர் தன் படகின் ஓரத்தில் சாய்ந்து கீழே பார்த்தார். குடையின் நிழலில் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. நாத்தனாரும் மிதவைச் சட்டை இடிக்க, சிரமப்பட்டு, அவர் பக்கத்தில் சாய்ந்தார்.

"டேய், அந்தக் கல்லு மணலுக்கு நேரா வந்துருச்சா?" என்று தம்பியின் காதில் கேட்டார்.

"அது எப்பவோ வந்துருச்சு அக்கா."

நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டுப் பையை மூடினார்.

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு."

தண்ணீர் கலைந்தது. ஈரத் தலை ஒன்று மேலே வந்தது.

"சார், இன்னும் கொஞ்சம் இடது பக்கம்!"